சீன வழக்குக் கதைகளில் ஆள் அடையாளம்: நீதிபதி பாவோவை ஒரே பாத்திரமாக எடுத்துக்கொள்ளலாமா?

குடந்தை வாசகி எழுதியது:

கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டம் என் முறை. பழைய சீன வழக்குக் கதைகளை எடுத்திருக்கிறேன். மிங், சிங் அரசுகளின் காலத்தில், ஏறக்குறைய 1590-களில் தொடங்கி 1890-கள் வரை அச்சாகி விற்ற கதைகள். ஒரு குற்றம் நடக்கும், அந்த வட்டாரத்து அதிகாரியே துப்புத் துலக்குவார், அவரே விசாரிப்பார், தீர்ப்பும் அவரே சொல்வார். செய்தது யார் என்று பல கதைகளில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், அது எனக்குத் தடையாக இல்லை. நான் தடுமாறுவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, நீதிபதி பாவோ. 1594-ல் வந்த நூறு வழக்குகள் தொகுப்பில் அவர் பேய்களோடும் தெய்வங்களோடும் பேசித் தீர்ப்புச் சொல்கிறவர். அதற்கும் முந்தைய சுண்ணாம்பு வட்ட நாடகத்தில், ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்டு வரும்போது தரையில் வட்டம் போட்டு, குழந்தையை நடுவில் நிறுத்தி, இழுங்கள் என்கிறவர். 1879-ல் பெய்ஜிங்கில் அச்சான மூன்று வீரர் ஐந்து தீரர் நாவலுக்கு வந்தால் அவரைச் சுற்றி வாள்வீரர்கள். பாதிக் கதைக்கு மேல் அவர்களே நடத்துகிறார்கள், பாவோ கண்ணில் படுவதே குறைவு. எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பதவி, அதே கைஃபெங் நகரம். ஆனால் இவர் இப்படிப்பட்டவர் என்று நான் பிடித்துக்கொள்ள நேர்மை, கண்டிப்பு இரண்டையும் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, எங்கே பார்த்தாலும் ஆள்மாறாட்டம். கணவன் மாதிரி இன்னொருவன் வருகிறான். காதலன் பெயரைச் சொல்லி வேறொருவன் இரவில் ஜன்னலைத் தட்டுகிறான். நீதிபதியே ஜோசியர் வேடம், வைத்தியர் வேடம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறார். கொள்ளைக்காரன் பெயரை மாற்றிக்கொண்டு அரசாங்க ஆளாகிவிடுகிறான். ஒருவருடைய மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதை வைத்து அவரை அறிந்துகொள்கிற நாவல்களையே படித்து வளர்ந்தவள் நான். இந்தக் கதைகளில் ஆள் யார் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பாத்திரப் படைப்பே பலவீனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் சில கதைகள் நான்கு நாளாக மனதை விட்டு இறங்கவில்லை. படித்தவர்கள் யாராவது வழி காட்டுங்கள்.

ஆரூர் கமலாலயம் பதில்:

அக்கா, நீங்கள் ஐந்து எலிகள் கதையிலிருந்து தொடங்கினால் இரண்டு கேள்விக்கும் சேர்த்து வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிங் காலத்துத் தொகுப்புகளில் இருக்கும் கதை இது. தேர்வு எழுதத் தலைநகருக்குப் போகிற ஷி என்ற படிப்பாளியை வழியில் ஒரு எலிப் பிசாசு சந்திக்கிறது. அவனுக்கு நோய் வரவைத்துவிட்டு, அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் அவன் மனைவியோடு குடித்தனம் நடத்துகிறது. உண்மையான கணவன் பிழைத்துத் திரும்பி வந்தால் வீட்டில் இன்னொரு தான் உட்கார்ந்திருக்கிறான். வழக்கு முதன்மை அமைச்சரிடம் போகிறது. எலியின் அண்ணன் எலி அமைச்சராக வந்து நிற்கிறது, இப்போது இரண்டு அமைச்சர். அரசரிடம் போனால் இரண்டு அரசர், அரசரின் தாயும் இரண்டு. கடைசியில் பாவோவிடம் வருகிறது, மூத்த எலி பாவோவாகவே வந்துவிடுகிறது. எது அசல் என்று சொல்ல வேண்டிய ஒவ்வொரு படியிலும் அந்தப் படியே இரண்டாகிவிடுகிறது. பாவோ தெய்வ உலகத்துக்கு முறையிட்டு, புத்தரிடமிருந்து ஒரு பூனையைக் கொண்டுவந்த பிறகுதான் எலிகள் எலிகளாகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் படிப்பாளி தன்னை நிரூபிக்க எந்த இடத்திலும் தன் உள்ளத்தைத் திறந்து காட்டவில்லை. காட்டினாலும் பயனில்லை, எலிக்கும் அதே நினைவுகள், அதே பேச்சு. அவன் யார் என்பது அவன் கையில் இல்லை. மனைவி ஆம் என்று சொல்ல வேண்டும், அமைச்சர் ஆம் என்று சொல்ல வேண்டும், அரசர் சொல்ல வேண்டும். வீட்டில் தொடங்கி அரண்மனை வரைக்கும் போகிற அந்தச் சங்கிலிதான் அவனுடைய "நான்". ஒரு குடும்பத்தில் எலி புகுந்தால் அரண்மனை வரை ஆட்டம் காண்பதற்குக் காரணமும் அதுதான்.

நம்மிடம் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. திருவிளையாடற் புராணத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலம். தனபதி என்ற வணிகர் பிள்ளையில்லாமல் தங்கை மகனை வளர்க்கிறார், பிறகு சொத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போய்விடுகிறார். தாயத்தார் சொத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தாயும் பிள்ளையும் சொக்கநாதரிடம் அழ, அவரே தனபதி உருவத்தில் அவைக்கு வந்து வழக்காடுகிறார். இவர் தனபதியே இல்லை என்று எதிராளிகள் சொல்கிறார்கள். அவர் என்ன செய்கிறார் தெரியுமா, அந்தத் தாயத்தார் ஒவ்வொருவருடைய குலம், குடி, முன்னோர், அவரவர் செய்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். அவை ஒப்புக்கொள்கிறது. எதிராளிகள் சொன்னது உண்மை, வந்தவர் தனபதி இல்லை. ஆனாலும் நியாயம் கிடைத்துவிடுகிறது, பிறகு அவர் மறைந்துவிடுகிறார்.

இரண்டு கதையிலும் சோதனை ஒன்றேதான்: உறவைச் சொல், ஊரைச் சொல், ஊர் ஒத்துக்கொள்ளட்டும். அந்தச் சோதனையில் வேறொருவர் தேறிவிட முடியும் என்று இரண்டு கதையுமே வெளிப்படையாகச் சொல்கின்றன. மதுரையில் அது அருள். கைஃபெங்கில் அது பேரச்சம். சீனக் கதையின் நடுக்கம் எனக்கு முழுசாகப் புரிந்ததே இந்தப் படலத்தை மறுபடி படித்தபோதுதான், அதனால் உங்கள் கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் இந்தக் கதை 1879 நாவலில் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். அதே ஐந்து எலிகள் அங்கே ஐந்து மனிதர்கள். வான் துளைக்கும் எலி, பட்டாடை எலி என்று பட்டப்பெயர் மட்டும் எலி. பாவோவின் மெய்க்காவலன் ஜான் ஜாவுக்கு அரசர் "அரண்மனைப் பூனை" என்று பட்டம் கொடுத்ததால் பட்டாடை எலியான பாய் யூதாங்குக்கு ரோஷம் வந்து தலைநகருக்கே போய் வம்பு செய்கிறான். பிசாசு உருவம் மாறிய இடத்தில் இப்போது மனிதன் வேடம் போடுகிறான். இதே பாய் யூதாங், கிழிந்த துணியோடு ஏழைப் படிப்பாளியாக வந்து, யான் என்ற நல்ல இளைஞனிடம் ஒட்டிக்கொண்டு, விடுதிக்கு விடுதி அவன் பணத்தில் உயிர் மீன் கேட்டு, நல்ல மது கேட்டுச் சாப்பிடுகிற அத்தியாயங்கள் இருக்கின்றனவே, யானின் வேலைக்காரப் பையன் பொருமப் பொருமக் கதை எவ்வளவு அழகாகப் போகிறது! யான் கடைசிவரை முகம் சுளிப்பதில்லை. வேடம் போட்டவன் யார் என்பதைவிட, வேடத்தின் முன்னால் நிற்கிறவன் யார் என்பதுதான் அங்கே வெளிப்படுகிறது.

மாயவரம் குமாஸ்தா பதில்:

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் என் பார்வை கோர்ட் பக்கமாகத்தான் போகும். ஆரூர் தம்பி சொன்னது சரி, ஆனால் அதற்கு அடியில் அந்த நாட்டு நிர்வாகம் எப்படி நடந்தது என்பதையும் வைத்தால்தான் கதை ஏன் இப்படி எழுதப்பட்டது என்று விளங்கும்.

சிங் ஆட்சியில் ஒரு அதிகாரியைச் சொந்த மாகாணத்தில் வேலைக்குப் போட மாட்டார்கள். சொந்தக்காரர்களுக்குச் சாதகம் செய்துவிடக் கூடாது என்பதற்காக. சில வருடத்தில் மாற்றலும் வந்துவிடும். ஆகவே ஊருக்கே தாயும் தந்தையும் என்று அழைக்கப்படுகிற அந்த அதிகாரிக்கு அந்த ஊரில் ஒரு முகம்கூடத் தெரியாது, பல இடங்களில் அந்த ஊர்ப் பேச்சே புரியாது, எழுத்தரும் சேவகரும் என்ன சொல்கிறார்களோ அதுதான் அவருக்கு ஊர். இப்படிப்பட்டவர் வாதியும் பிரதிவாதியும் வந்து நிற்கும்போது யார் யாரென்று எப்படித் தெரிந்துகொள்வார்? அதனால்தான் கதையில் அவரைச் சாதாரண உடையில் டீக்கடைக்கு, சத்திரத்துக்கு அனுப்புகிறார்கள். இதே வகைக் கதைகளில் பாவோ மாதிரியே நாயகர்களாக வரும் நீதிபதி தீ வைத்தியராகப் போவதும், நீதிபதி ஷி மாறுவேடத்தில் போவதும் வாசகனுக்கு வேடிக்கைக்காக மட்டும் இல்லை, நம் ஊர் அதிகாரி நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கமாட்டாரா என்று ஜனங்களுக்கு இருந்த ஏக்கம் அது.

இன்னொன்று, ஒருவரை அடையாளம் காட்டுவதற்கு அந்த அரசாங்கம் எதைக் கேட்டது என்று பாருங்கள். அரசுத் தேர்வு எழுதப் போகிறவன் தன் பெயர், ஊர், வயது, தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறை, முகத்தின் நிறம், தாடி மீசை உண்டா இல்லையா, இதெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டும். கூட எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும், ஏற்கெனவே தேறிய ஒருவர் இவன்தான் அவன் என்று உறுதி சொல்ல வேண்டும். அப்படியும் வேறு ஆளை அனுப்பித் தேர்வு எழுதுவது நடந்துகொண்டே இருந்தது. நம் ரிஜிஸ்டர் ஆபீசில் கைரேகையும் எடுத்து, அடையாளச் சாட்சி இரண்டு பேரையும் நிறுத்தி வைக்கிறோமே, அங்கேயும் செத்துப்போனவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாட்சி இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னால் பத்திரம் என்ன செய்யும்!

மூன்றாவதாக, அந்தச் சட்டத்தில் குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் தண்டனை. ஒப்புக்கொள்ள வைக்க அடிக்கலாம், விரலை இடுக்கலாம், கணுக்காலை நசுக்கலாம், சட்டமே அனுமதித்தது. அப்படியானால் கொலைகாரன் என்ற அடையாளம் எங்கே உருவாகிறது? சம்பவ இடத்தில் இல்லை, நீதிமன்றத் தரையில் உருவாகிறது. இதை மற்ற எல்லாரையும்விட நன்றாக எழுதியவர் பூ சோங்லிங், 1640-ல் பிறந்து 1715-ல் இறந்தவர், அவருடைய யான்ஜி என்ற பெண்ணின் கதையில்.

மாட்டு வைத்தியர் ஒருவரின் மகள் யான்ஜி. வாசலில் போகும் சியூசுன் என்ற படிப்பாளியைப் பார்த்து மனம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு வாங் என்ற பெண், நான் பேசி முடிக்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்கிறாள். பெண் ஏங்கிப் படுத்துவிடுகிறாள். வாங்குக்கு ஒரு கள்ள உறவு, சூ ஜியே. அவன் இந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு இரவில் போய் நான்தான் சியூசுன் என்று சொல்லி யான்ஜியின் கதவைத் தட்டுகிறான். அவள் இணங்கவில்லை. அவள் காலிலிருந்து ஒரு பூவேலைச் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வந்த இடத்தில் தொலைத்தும் விடுகிறான். அதை மாவ் தா என்ற மூன்றாமவன் எடுக்கிறான், சூ ஜியே வாங்கிடம் நடந்ததைச் சொல்வதையும் ஒட்டுக்கேட்கிறான். சில நாள் கழித்து அவன் போகிறான், இருட்டில் தவறிப்போய்த் தகப்பனுடைய அறைக்குப் போய்விட, கிழவர் கத்தியோடு வெளியே வர, கத்தியைப் பிடுங்கி அவரையே கொன்றுவிட்டு ஓடுகிறான். செருப்பு சுவரோரம் கிடக்கிறது.

இப்போது யான்ஜிக்குத் தெரிந்த பெயர் சியூசுன் மட்டும். அவன் கூச்ச சுபாவி, வாய் திறக்கத் தெரியாது, அடி தாங்காமல் ஒப்புக்கொள்கிறான். ஜினான் அதிகாரி வூ நான்தாய் இவன் முகத்தைப் பார்த்து இவன் கொன்றிருக்க மாட்டான் என்று சந்தேகப்பட்டு, வாங்கைப் பிடித்து, அவள் வழியாக சூ ஜியேயைப் பிடிக்கிறார். எல்லாரும் வூவைப் புகழ்கிறார்கள். சூ ஜியேயும் அடி தாங்காமல் ஒப்புக்கொள்கிறான். அவனும் கொல்லவில்லை! நல்ல நீதிபதி செய்த இரண்டாவது விசாரணையிலும் தப்பான ஆள் கொலைகாரன் ஆகிவிடுகிறான். பிறகு கல்வி அதிகாரி ஷி (இவர் நிஜ மனிதர், பூ சோங்லிங்கை அரசுத் தேர்வில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தவர்) சூ ஜியேயின் மனுவைப் படித்துவிட்டுச் செருப்பு எங்கே தொலைந்தது என்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். வாங்கின் பின்னால் சுற்றிய ஆட்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, இருட்டறையில் சட்டையைக் கழற்றி, கைகழுவ வைத்துச் சுவரோரம் நிறுத்தி, கொலைகாரன் முதுகில் தெய்வம் எழுதும் என்கிறார். சுவரில் சாம்பல் பூசியிருக்கிறது, கைகழுவிய தண்ணீரில் கரி. மாவ் தா தெய்வத்துக்குப் பயந்து முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறான், வெளியே வரும்போது கையால் முதுகை மறைக்கிறான். இரண்டு கறையும் அவன் முதுகில்.

அக்கதையில் ஒருவனுடைய பெயரை இன்னொருவன் எடுத்தான், அவன் தொலைத்த பொருளை மூன்றாமவன் எடுத்தான், பெயரும் பொருளும் கை மாறக் கை மாறக் குற்றமும் கை மாறியது. கடைசியில் பயம் மட்டும்தான் உரியவனிடம் இருந்தது, ஷி தேடியது அதைத்தான். கோர்ட்டில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் கவனமாக எழுதப்பட்ட வழக்குக் கதையை நான் படித்ததில்லை.

குடந்தை வாசகி:

ஐயா, நான்கு நாளாக மனதை விட்டு இறங்கவில்லை என்று எழுதினேனே, அதில் ஒன்று இந்த யான்ஜி கதைதான். அதில் எனக்கு உறுத்துவது, நீதிமன்றத்தில் சியூசுனை யான்ஜி வாய்க்கு வந்தபடி திட்டுகிற இடம். அவள் காதலித்த ஆள் ஒருவன், அவளிடம் இரவில் வந்தவன் ஒருவன், அவள் வெறுப்பது மூன்றாமவன் செய்த கொலையை. மூன்றையும் அவள் ஒரே முகத்தில் பார்த்துத் திட்டுகிறாள். அந்த இடத்தில் அவள் மனதை ஆசிரியர் ஒரு வரிகூட விளக்கவில்லை, ஆனாலும் எனக்கு எல்லாம் தெரிகிறது. பாவோ பற்றி யாராவது சொல்லுங்களேன்.

நாகை கடற்கரை பதில்:

பாவோ பற்றி நான் சொல்கிறேன். முதலில் நிஜ பாவோ ஜெங். 999-ல் ஹெஃபேயில் பிறந்து 1062-ல் இறந்தவர். நம் ராஜேந்திர சோழனின் காலத்தவர். ராஜேந்திரனின் தூதர்கள் சீனாவை அப்போது ஆண்ட சோங் அரசவைக்குப் போனது 1033-ல், அப்போது அரசர் ரென்சோங், அதாவது பாவோ கதைகளில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிற அதே அரசர். நாகப்பட்டினத்துக்காரனுக்கு இதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம், இங்கிருந்து கிளம்பிய கப்பல்களின் காலத்தில் அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் கதைகள் அவை.

அதே 1033-ல்தான் அரசரின் தாயாக இருந்த லியூ மகாராணி இறந்தார். அவர் இறந்த பிறகுதான், உன்னைப் பெற்றவள் அவர் இல்லை, முந்தைய வருடம் இறந்துபோன லீ என்ற பெண்தான் என்று ரென்சோங்குக்குச் சொன்னார்கள். இது வரலாறு. இதிலிருந்து வளர்ந்ததுதான் புனுகுப்பூனைக் கதை: லீ பெற்ற குழந்தையை எடுத்துவிட்டுத் தோலுரித்த புனுகுப்பூனையை வைத்து, அவள் பேய்க்குழந்தை பெற்றாள் என்று விரட்டிவிடுகிறார்கள். பல வருடம் கழித்து ஒரு பாழ் சூளையில் கண்ணில்லாமல் கிடக்கும் கிழவியைப் பாவோ சந்தித்து, இவள்தான் அரசரின் தாய் என்று நிரூபிக்கிறார். சதிக்கு உடந்தையான அரண்மனை ஊழியன் வாயைத் திறக்க மறுத்ததால், செத்துப்போன பணிப்பெண்ணின் ஆவி மாதிரி ஒரு பெண்ணுக்கு வேடம் போட்டு அவனைப் பயமுறுத்தி உண்மையை வாங்குகிறார்கள். உண்மையை வெளியே கொண்டுவர நீதிமன்றமே பொய் வேடம் போடுகிறது, குமாஸ்தா ஐயா சொன்ன கோயில் தந்திரமும் இதே இனம்தான்.

நிஜத்தில் இந்த விஷயம் வெளிவந்தபோது பாவோ கைஃபெங்கில் இல்லவே இல்லை. 1027-ல் தேர்வில் தேறியவர், பெற்றோர் வயதானவர்கள் என்று பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பத்து வருடம்போல ஊரிலேயே இருந்தார். கைஃபெங் நகரத்தை அவர் நிர்வகித்ததே 1057 வாக்கில், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான். அரசு வரலாற்றில் அவர் வாழ்க்கைக் குறிப்பில் வரும் துப்பறிந்த வழக்கு ஒன்றே ஒன்று: ஒரு விவசாயியின் மாட்டு நாக்கை யாரோ அறுத்துவிடுகிறார்கள். பாவோ, போய் மாட்டை வெட்டி விற்றுவிடு என்கிறார். உழவு மாட்டை வெட்டுவது குற்றம், உடனே ஒருத்தன் வந்து இவன் மாட்டை வெட்டிவிட்டான் என்று புகார் கொடுக்கிறான். நாக்கையும் அறுத்துவிட்டுப் புகார் வேறு கொடுக்கிறாயா என்று அவனைப் பிடித்துக்கொள்கிறார்.

இந்த ஒரு மாட்டிலிருந்து நூறு வழக்கு! எந்த நீதிபதியின் நல்ல தீர்ப்பாக இருந்தாலும் ஜனங்கள் கொண்டுபோய் பாவோ பெயரில் எழுதினார்கள். பிறரிடமிருந்து வந்த கதைகள் ஒட்டிக்கொண்டே போக, அவருக்கென்று இருந்த வாழ்க்கைகூட உருமாறியது. பெற்றோருக்காகப் பதவியை விட்ட மனிதர், நாவலில் கறுப்பாகப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு அண்ணி எடுத்து வளர்த்த பிள்ளை. அந்த அண்ணிகூட எங்கிருந்தோ வரவில்லை. பாவோவின் மூத்த மகன் இளம் வயதில் இறந்துவிட, விதவையான மருமகள் சூயி, பாவோவின் இளைய மகனைக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார். 1973-ல் ஹெஃபேயில் அந்தக் குடும்பக் கல்லறைகளைத் தோண்டியபோது கல்வெட்டுகளும் கிடைத்தன. மகனுக்கு நடந்தது கதையில் தகப்பனுக்கு நடந்ததாக மாறிவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆகவே வாசகி அம்மா, என் பதில் இது: அவரை ஒரு நாவல் பாத்திரம்போல ஒரே மனிதராக எடுக்காதீர்கள். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடியை எந்தத் தலைமுறைக்காரர் அணிந்தாலும் அன்றைக்கு அவர் நரசிம்மர்தான், அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். சீன மேடையில் பாவோவுக்குக் கறுப்பு முகம், நெற்றியில் பிறை. அந்த முகம் வந்து நின்றால் நியாயம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு ஆசாபாசம் கொடுத்தால் முகமே கலைந்துபோகும்.

வெண்ணாற்றங்கரை பதில்:

நாகை அண்ணனோடு இதில் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. நீதிபதி என்றால் முகமூடி என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வெளியே போய்விடும். ஃபெங் மெங்லோங் 1620-களில் வெளியிட்ட தொகுப்பில் தெங் என்ற அதிகாரியின் கதையை எடுங்கள். வயதான நீ என்பவர் இறக்கும்போது மூத்த மகன் கையில் சொத்து முழுவதையும் கொடுத்துவிட்டு, இளம் மனைவியிடமும் அவள் பெற்ற சின்ன மகனிடமும் தன் உருவப்படச் சுருள் ஒன்றை மட்டும் கொடுக்கிறார். பின்னாளில் அந்தப் படம் தெங்கிடம் வருகிறது. தேநீர் கொட்டிப் படம் நனைய, வெயிலில் காயவைக்கும்போது உள்ளே எழுத்து தெரிகிறது: இடிந்த வீட்டில் பொன்னும் வெள்ளியும் புதைத்திருக்கிறேன், தீர்த்துவைக்கும் அதிகாரிக்கு இவ்வளவு வெள்ளி கொடுங்கள் என்று. தெங் என்ன செய்கிறார்? ஊர் முன்னால், காலி நாற்காலியைப் பார்த்து, செத்துப்போனவரோடு நேரில் பேசுவதுபோல நடிக்கிறார். படத்தில் பார்த்த முகத்தை வர்ணிக்கிறார், ஊரே மெய்சிலிர்க்கிறது. எனக்கு ஒரு ஜாடி தங்கமாம், உங்கள் தகப்பனார் வற்புறுத்துகிறார் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். படத்தில் எழுதியிருந்தது வெள்ளி, அதுவும் குறைவு.

ஏழைப் பையனுக்கு நியாயமும் கிடைத்தது, நீதிபதி திருடவும் செய்தார். ஊர் அவரைத் தெய்வ சக்தி உள்ளவர் என்கிறது, வாசகனுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். முகம் ஒன்று, ஆள் வேறு என்று இந்தக் கதை எழுதியவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொருவன் ஹுவாங் தியான்பா. நீதிபதி ஷியின் கதைகளில் வருகிறவன், அச்சுப் பிரதி 1820 வாக்கில். இந்த ஷியும் நிஜ அதிகாரி, தைவானைப் பிடித்த தளபதி ஷி லாங்கின் மகன். ஹுவாங் அவரைக் கொல்ல இரவில் வந்த கொள்ளைக்காரன். பிடிபடுகிறான், அவருடைய பேச்சில் மனம் மாறி அவரிடமே சேர்கிறான், அவர் தன் குடும்பப் பெயரையே கொடுத்து ஷி ஜோங் என்று பெயர் வைக்கிறார். பிறகு அவரைக் காப்பாற்ற, சத்தியம் செய்து சகோதரர்களான பழைய கூட்டாளிகளையே ஹுவாங் கொல்கிறான். அரசாங்கக் கணக்கில் அவன் விசுவாசி. கூட்டாளிகள் கணக்கில் துரோகி. வாசகர்கள் அவனை ஷி ஜோங் என்று நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை, மேடையிலும் கதையிலும் இன்றுவரை அவன் ஹுவாங் தியான்பாதான். நீதிபதி கொடுத்த பெயரை ஜனங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆள் யார் என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது என்று மேலே எல்லாரும் சொன்னீர்கள், அந்த முடிவு செல்லாமல் போன இடம் இது, அதனால்தான் இவனைச் சேர்க்கச் சொல்கிறேன்.

நாகை கடற்கரை:

தெங் கதையை நீங்கள் சொன்னது நியாயம் தம்பி. ஆனால் ஃபெங் மெங்லோங் கதை எழுதத் தெரிந்த பெரிய கை, மலிவுத் தொகுப்புகளில் வரும் பாவோவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பது மட்டும்தான் நான் சொல்வது. ஹுவாங் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

குடந்தை வாசகி:

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்துக்கு மூன்று கதையை நகல் எடுத்துக் கொடுக்கப் போகிறேன்: ஐந்து எலிகள், யான்ஜி, தெங். எலிக் கதைக்குப் பக்கத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலமும் இருக்கும். பாவோவை மூன்றாகப் பிரித்து, நிஜ மனிதர், தொகுப்பு பாவோ, நாவல் பாவோ என்று தனித்தனியாகப் பேசுகிறேன், ஒரே குணம் தேடப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சுண்ணாம்பு வட்டத்தில் குழந்தையை இழுக்க மாட்டேன் என்று கையை விட்டவளே தாய் என்று தீர்ப்பு. அங்கே மட்டும் ஊர்ச் சாட்சியைப் பாவோ ஏன் நம்பவில்லை?

மாயவரம் குமாஸ்தா:

ஊர்ச் சாட்சியும் மருத்துவச்சியும் பணம் வாங்கிக்கொண்டு பெரிய மனைவி பக்கம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் அம்மா, கீழ்க்கோர்ட் தீர்ப்பே அவர்களை வைத்துத்தான். பாவோ கைக்கு வரும்போது வாங்கப்படாத சாட்சி ஒன்றுகூட மிச்சமில்லை. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் மகோசதர் என்ற அறிஞர் தரையில் கோடு போட்டுக் குழந்தையை இழுக்கச் சொல்வதும் இதே முறைதான், அதையும் சேர்த்துப் படியுங்கள். பெரிய மனைவிக்குக் குழந்தை எதற்கு வேண்டும் என்றால், கணவன் சொத்து குழந்தையோடு போகும் என்பதற்காக. அதை நாடகமே வெளிப்படையாகச் சொல்கிறது, கூட்டத்தில் முதலில் அதைச் சொல்லிவிட்டு வட்டத்துக்கு வாருங்கள்.